முன்னால் போன நாமக்கோழி

இந்தக் கதையில் ஒரு நரி, மூக்கில் அட்டைப்பூச்சி தொங்க, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருப்பான். அப்போது சிரிக்கலாம். இப்போது வேண்டாம். இப்போது மூன்று வாத்துக் குஞ்சுகள் கோரைப்புல்லுக்குள் மூச்சை அடக்கிப் பதுங்கியிருக்கிறார்கள். சத்தம் கேட்டால் பயந்துவிடுவார்கள்.

மூத்தவள் பொட்டு. சொந்த ஏரி வற்றிப்போனதால் அம்மா வாத்து பிள்ளைகளை நடத்தியே இந்தத் தாமரை ஏரிக்குக் கூட்டிவந்தாள். இரை தேடப் போன இடத்தில் காவல்கார நாரை அவளைப் பிடித்து, நடுத்திட்டில் முள்வேலிக்குள் அடைத்துவிட்டான். வேற்று ஏரிக்காரர் கேட்காமல் இறங்கக் கூடாதாம்!

"நான் வர்றவரைக்கும் யாரையும் நம்பாதே!" என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா இரை தேடப் போயிருந்தாள்.

பொட்டு யாரையும் நம்பவில்லை. தவளை கத்தினால், 'யாருக்குத் தகவல் சொல்லுது?' என்று யோசித்தாள். தும்பி வட்டமிட்டால், 'வேவு பார்க்குது!' என்று தம்பிகளை அமுக்கினாள். மரத்தில் கரிச்சான் குருவி ஒருவன் இருந்தான். எல்லாக் குரலையும் அப்படியே எடுப்பான். ஒருநாள் விளையாட்டுக்கு, அம்மா பிள்ளைகளைக் கூப்பிடுவது போலவே சீட்டியடித்தான். தம்பிகள் துள்ளி ஓடி, அம்மாவைக் காணாமல் அழுதுகொண்டே திரும்பினார்கள். அதைப் பார்த்ததும் கரிச்சானுக்கே சிரிப்பு நின்றுபோனது. பொட்டுவுக்கோ, அன்றிலிருந்து இனிமையான குரல் என்றாலே சந்தேகம்.

நெற்றியில் வெள்ளை நாமத்தோடு, நாமக்கோழி என்ற நீர்ப்பறவை ஒருத்தி தினமும் நத்தை கொண்டுவந்து புல்லோரம் வைப்பாள். 'எதுக்கு இந்தப் பாசம்? கொழுக்கவைத்துப் பிடிக்கவா?' அவள் தலை மறைந்த பிறகுதான் பொட்டு தம்பிகளைத் தின்னவிடுவாள்.

ஒரு காலை நாமக்கோழி வாய் திறந்தாள்.

"பறக்கத் தெரியாத குஞ்சு இருக்கிற தாயை அடைக்கக் கூடாதுன்னு இங்கே சட்டம் இருக்கும்மா. ஆனா உங்கம்மா, உங்களையும் பிடிச்சிருவாங்கன்னு பயந்து, 'எனக்குக் குஞ்சே இல்லை'ன்னு சொல்லிட்டா! நீங்க நேர்ல வந்து நின்னாத்தான் விடுவாங்க."

"காவல்காரன் முன்னாலயா? நல்லாருக்கே கதை!" என்றாள் பொட்டு.

கரையிலிருந்து நரி குழைந்தான். "போகாதே கண்ணு! நெத்தியிலயே நாமம் வெச்சிருக்கா பாரு, உனக்கும் போட்டுருவா! மாமா கூட வா. யாருக்கும் தெரியாத வழியில அம்மாகிட்ட கொண்டுபோறேன்!"

பொட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி. போற வழியில நீங்க முன்னால போவீங்களா, பின்னால வருவீங்களா?"

"பின்னாலதான்!" நரி எச்சிலை விழுங்கினான். "மூணு பேரையும் கண்ணெடுக்காமப் பார்த்துக்கிட்டே வருவேன்!"

"முன்னால," என்றாள் நாமக்கோழி. "நாரை கொத்தினா என்னை முதல்ல கொத்தட்டும்."

பொட்டு தம்பிகளைத் தன்னருகே இழுத்துக்கொண்டாள். பிறகு நரியிடம், "மாமா, உங்க கண்ணைப் பார்த்தா தம்பிங்க பயப்படுறாங்க. சேத்துல உட்கார்ந்து கண்ணை மூடிக்குங்க. வந்துடுறோம்!" என்றாள்.

மரத்தில் கரிச்சான் கண்ணடித்தான்.

நாமக்கோழி முன்னே நீந்த, மூவரும் பின்னே போனார்கள். திட்டில் ஏறியதும், "யாரது? நில்!" என்று நாரை பாய்ந்து கொத்தினான். நாமக்கோழியின் முதுகில் இறகு பிய்ந்தது. அவள் நகரவில்லை. "பாருங்க ஐயா, குஞ்சுங்க!"

"என் பிள்ளைங்க இல்லை! ஓடுங்க!" என்று வேலிக்குள் இருந்து அம்மா அலறினாள்.

சின்னவன் மெல்லச் சீட்டியடித்தான். அம்மாவால் அடக்க முடியவில்லை. பதில் சீட்டி வந்துவிட்டது.

நாரை தொண்டையைச் செருமிக்கொண்டான். "சட்டம்னா சட்டம். குஞ்சுங்க பறக்குறவரைக்கும் நீ இங்கே இருக்கலாம்," என்று முள்ளை விலக்கினான்.

இப்போது சிரிக்கலாம்!

உச்சி வெயிலில் நரி கண்ணை மூடியபடி சேற்றில் உட்கார்ந்திருந்தான். மூக்கில் அட்டை. "வந்துட்டோம் மாமா! இதோ மாமா!" என்று குஞ்சுக் குரல்கள் தலைக்கு மேலேயே கேட்டன.

"வாங்க கண்ணுங்களா, இன்னும் எவ்வளவு தூரம்?"

"பின்னாலதான்!" என்று பதில் வந்தது, அவனுடைய குரலிலேயே!

நரி கண்ணைத் திறந்தான். எதிரே கோரை காலி. கிளையில் கரிச்சான். தூரத்தில், நடு ஏரியில், ஒரு நாமக்கோழி, ஒரு தாய், மூன்று குஞ்சுகள். அவன் வாய் மெல்லப் பிளந்தது.

உதவ வருகிறவரைச் சந்தேகப்படுவதில் தப்பில்லை. ஆனால் ஆபத்துக்கு முன்னால் நமக்காகப் போய் நிற்பவரைக் கண்டால், சந்தேகத்தைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும்.