மடத்துக் காரில் ஆயில் கூடிப்போன கதை

மலையடிவாரத்தில் ஒரு மடம். பெரிய மடம் என்று நினைத்துவிட வேண்டாம். ஓடு போட்ட நாலு அறை, ஒரு அடுப்படி, ஒரு கார் கொட்டகை, அவ்வளவுதான். உலகம்மாள்தான் குரு. காவி கிடையாது, ஆசனம் கிடையாது. நூல் சேலையைக் கட்டிக்கொண்டு புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார். புதிதாக வருகிறவர்கள் அவரிடமே போய், "குருவம்மா எங்க இருக்காவ?" என்று கேட்பார்கள்.

குத்தாலிங்கம் அண்ணாச்சி அவருடைய சீடர். குருவைவிட இருபது வயது மூத்த சீடர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு, நிம்மதி தேடி வந்தவர். நிம்மதி கிடைத்ததோ என்னவோ, மடத்துக் காரின் சாவி கிடைத்தது. தங்கமான மனுஷன். ஆனால் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் எந்த வேலை செய்தாலும் செய்ததை வாயால் சொல்லக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பைப் பார்க்க வேண்டுமே! விடியுமுன்னே மூன்று பேர் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வாசல் பெருக்குவார்கள். ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழும். யார் போட்டது என்று கேட்டால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு லேசாகச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கண்டாலே அண்ணாச்சிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கீழ்த்தெரு ஆவுடைத்தாய்க்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் டவுன் ஆஸ்பத்திரியில், ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மிஷினில் படுக்க வேண்டும். மலையடிவாரத்துக்கு பஸ் வராது, ஆட்டோவும் ஏறாது. மடத்துக் கார்தான் கதி. ஒரு முறை தப்பினால், வெளியே போக வழியில்லாத தண்ணீர் உடம்பில் சேர்ந்து நெஞ்சை அடைக்கும். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா முதல் வேலையாக அவளுடைய காலில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பார். குழி விழுந்து அப்படியே நின்றால் திட்டு ஆரம்பம்.

"கஞ்சி, காப்பி எல்லாம் சேத்து நாளைக்கு ஒரு சின்னச் செம்புதான்னு சொன்னேனா இல்லையா? இந்தக் கால் சொல்லுது பாரு, நீ எவ்வளவு குடிச்சேன்னு!"

பக்கத்தில் நிற்கிற பாவத்துக்கு அண்ணாச்சிக்கும் ஒரு பங்கு கிடைக்கும்.

அன்றைக்குக் காலையில் ஆவுடைத்தாய் வந்தபோதே முகம் ஊதியிருந்தது. ராத்திரி முழுக்கப் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தாளாம். பின் சீட்டில் அவளை ஏற்றிக்கொண்டு அண்ணாச்சி வண்டியை எடுத்தார். மடத்துப் பாதையின் முதல் வளைவைக்கூடத் தாண்டவில்லை. பின்னால் பார்த்தால் ஒரே புகை. வெளுப்பும் நீலமுமாகக் கொசுமருந்து வண்டி மாதிரி கக்கிக்கொண்டு வருகிறது. இஞ்சின் இருமியது. தீய்ந்த எண்ணெய் வாடை குப்பென்று அடித்தது.

"அட சவமே!" என்று ஓரத்தில் சமதரையாகப் பார்த்து நிறுத்தினார். பானெட்டைத் தூக்கினார். கொஞ்ச நேரம் ஆறவிட்டு, ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். குச்சியில் இரண்டு கோடு உண்டு. கீழ்க்கோட்டுக்குக் கீழே போகக் கூடாது, மேல்கோட்டுக்கு மேலே ஏறக் கூடாது. இதில் மேல்கோட்டையே காணோம். அதற்கு நாலு விரல் மேலே வரைக்கும் எண்ணெய், அதுவும் மோர் மாதிரி நுரைத்துக்கொண்டு.

"எவம்ல இது!" என்று அண்ணாச்சி போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கை பறந்தது. மடமே ஓடிவந்தது. மடம் என்றால் அடுப்படி பூதத்தானும் பூக்கட்டுகிற சங்கரவடிவும்.

"போன வாரம் நாந்தான் லெவல் பாத்து மேல்கோடு வரைக்கும் ஊத்தி வச்சேன். அதுக்கு மேல ஊத்துனது யாரு?"

இரண்டு பேரும் லேசாகச் சிரித்தார்கள்.

"சிரிச்சீங்கன்னா கொலை விழும். வழக்கத்தத் தூக்கி ஒடப்புல போடுங்க. வாயத் தொறந்து சொல்லுங்க!"

பூதத்தான் தலையைச் சொறிந்தார். "நீருதான வே சாப்பிடும்போது, வண்டிக்கு ஆயில் கொறையுது, ஆயில் கொறையுதுன்னு பொலம்புனீரு? கேக்கப் பாவமா இருந்துது. கொட்டகையில டின்னு இருந்துது. பாதிய ஊத்துனேன்."

"குச்சியப் பாத்தீரா வே?"

"குச்சியா?"

"எம்மா சங்கரவடிவு, நீ?"

"ஒரு செம்புதான் அண்ணாச்சி. ஆவுடையக்கா போற வண்டியாச்சே, எண்ணெய் இல்லாம நடுவழியில நின்னுரக் கூடாதுல்லா."

"இப்ப எங்க நிக்கு? நடுவழியிலதான நிக்கு! நீ குச்சியப் பாத்தியா?"

"மூடியத் தொறந்தேன், ஊத்துனேன், மூடுனேன். குச்சியெல்லாம் எனக்கு என்ன தெரியும்?"

அண்ணாச்சி இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். அப்போதுதான் உலகம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"என்னையும் சேத்துக் கேட்டுருங்க அண்ணாச்சி."

"அம்மா! நீங்களுமா?"

"ஒரு டம்ளர்."

"நீங்களாவது குச்சியப் பாத்தியளா?"

"பாக்கல."

குருவைத் திட்ட முடியாது, திட்டாமலும் இருக்க முடியாது. அண்ணாச்சி காரின் டயரை ஓங்கி ஒரு உதை உதைத்தார். கால் வலித்ததுதான் மிச்சம்.

"எண்ணெய்தான வே, கூட இருந்தா நல்லதுதான?" என்றார் பூதத்தான். சும்மா இருக்க மாட்டாமல்தான் கேட்டார்.

"நல்லதா? உம்ம தலை! உள்ள கிராங்குத் தண்டு சுத்துத சுத்துல அடிபட்டு அம்புட்டும் நுரையாயிரும் வே. நுரை போயி இரும்புல ஒட்டுமா? எண்ணெய் வயிறு முட்ட இருக்கும், ஆனா எண்ணெயே இல்லாத இஞ்சின் மாதிரி தேஞ்சு சாவும். இப்படியே டவுனுக்கு ஓட்டுனேன்னு வச்சுக்கிடும், பாதி வழியில இஞ்சினும் போச்சு, அந்த அக்கா முறையும் போச்சு. ஒரு பேசின் எடுத்துட்டு வாரும், போம்!"

பேசின் வந்தது. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் மல்லாக்கப் படுத்தார். அடியிலிருக்கிற நட்டை ஒரேயடியாகக் கழற்றினால் மொத்தமும் கொட்டிவிடும். மெதுவாக நெகிழ்த்தி, கொஞ்சம் வடியவிட்டு, இறுக்கிவிட்டு, எழுந்து வந்து குச்சியைப் பார்க்க வேண்டும். மறுபடி படுக்க வேண்டும். சூடான எண்ணெய் முழங்கை வழியாக இறங்கி அக்குளில் போய்ச் சேர்ந்தது. முதுகில் சரளைக்கல் குத்தியது. அவருடைய வயதில் எழுவதும் படுப்பதும் லேசான காரியமா?

பின் சீட்டிலிருந்து ஆவுடைத்தாய் மூச்சிழுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெயில் ஏறி, நிழல் காரைவிட்டு நகர்ந்துவிட்டது.

"அண்ணாச்சி, நேரமாச்சோ?" என்றாள் அவள்.

"இல்ல தாயி, இப்ப ஆயிரும்" என்றார். அவர் குரலே அவருக்குப் பிடிக்கவில்லை.

அடியிலிருந்து பார்த்தால் குருவின் பாதம் இரண்டும் பேசினுக்குப் பக்கத்தில் தெரிந்தன. அண்ணாச்சிக்கு ஆத்திரம் பொங்கியது.

"அம்மா, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீங்க. நானும் நல்லதுன்னுதான் ஊத்துனேன். பூதத்தானும் நல்லதுன்னுதான் ஊத்துனாரு. இந்தப் பிள்ளையும் அப்படித்தான். நீங்களும் ஊத்தியிருக்கீய. ஒருத்தரு மனசுலயும் கெட்டது இல்ல. பெறவு எப்படிம்மா எல்லாஞ் சேந்து ஒரு மனுஷி உசுருக்கு உலையா வந்து நிக்குது?"

"மொதல்ல நட்டை இறுக்குங்க."

"கேள்விக்குப் பதிலு?"

"அது எங்கயும் ஓடிப் போவாது. எண்ணெய்தான் ஓடுது."

பார்த்தால் பேசினில் எண்ணெய் கடகடவென்று விழுந்துகொண்டிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். வெளியே வந்து, எண்ணெய் அடங்கும் வரைக்கும் பொறுத்து, குச்சியைத் துடைத்து, உள்ளே விட்டு எடுத்தார். மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றது. இன்னும் ஒரு தடவை பார்த்தார். அதே இடம்தான்.

சாவியைத் திருப்பினார். முதலில் கொஞ்சம் புகைந்தது. உள்ளே ஒட்டியிருந்தது எரிந்து தீர்ந்ததும் புகை மெலிந்து நின்றது. இருமல் நின்று இஞ்சின் பழைய மாதிரி ஒரே சீராக ஓடியது. சங்கரவடிவு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இப்ப கெளம்புனா முறைக்குப் போய்ச் சேந்துரலாம்" என்றார் அண்ணாச்சி. கோபமெல்லாம் வடிந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டே பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். ஆவுடைத்தாய் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். உதடு வறண்டு வெடித்திருந்தது. நாக்கால் தடவுகிறாள், தடவ நாக்கிலும் ஈரம் இல்லை. நாம் கத்திக்கொண்டு கிடந்த நேரமெல்லாம் இந்தப் பாவப்பட்டவள் வெயிலில் காய்ந்திருக்கிறாள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனார். பெரிய செம்பு நிறைய நீர்மோரைக் கலக்கினார். கறிவேப்பிலைகூடக் கிள்ளிப் போட்டார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தளும்பத் தளும்பக் கொண்டுவந்து கார்க் கதவைத் திறந்து நீட்டினார்.

"குடி தாயி. ஒன்னய வெயில்ல போட்டு வாட்டிட்டேன். முழுசாக் குடி."

ஆவுடைத்தாய் கண்ணைத் திறந்தாள். மோரைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. இரண்டு கையையும் நீட்டிச் செம்பைப் பிடித்துக்கொண்டாள்.

உலகம்மாள் செம்பைத் தட்டிவிடவில்லை, சத்தம் போடவுமில்லை. கார்க் கதவோரம் குத்தவைத்து உட்கார்ந்தார். ஆவுடைத்தாயின் சேலைக் கரையை லேசாக ஒதுக்கி, முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பிறகு விரலை எடுத்தார்.

குழி விழுந்து அப்படியே நின்றது.

ஆவுடைத்தாயின் கை செம்பைவிட்டுத் தானாக நழுவியது. செம்பு அண்ணாச்சியின் கையிலேயே நின்றது. மோர் தளும்பி அவருடைய விரலில் வழிந்தது.

உலகம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"குச்சியப் பாத்தியளா அண்ணாச்சி?"