மணத்தக்காளிக்கு வந்த கசப்பு

அந்தக் காலத்தில் பறவைகள் பேசின, செடிகளும் பேசின. மணத்தக்காளியோ காயாக இருக்கும்போதே இனித்தது. அதனால் ஒரு காய்கூடப் பழுத்ததில்லை. முதலில் வந்தவருக்கே காய் என்பது பறவைகளின் வழக்கம். விடிந்ததும் மைனாக் கூட்டம் இறங்கிப் பச்சையாகவே கொத்தித் தீர்த்துவிடும்.

கடைசியாக வருவாள் பூவாத்தா என்ற கொண்டைக்குருவி. கூச்சக்காரி.

“வா தங்கச்சி, காம்பு மிச்சமிருக்கு” என்று சிரிப்பான் மூத்த மைனா.

இந்த முறை அவளால் பேசாமல் திரும்ப முடியவில்லை. அவளுடைய குஞ்சுக்கு வாயெல்லாம் புண். இரண்டு நாளாகப் புழுவைக்கூட விழுங்கவில்லை. அதைச் செடியிடம் சொன்னாள்.

“பழுத்தா நான் மருந்து. பழுக்கத்தான் யாரும் விடலையே” என்றது செடி.

ஒதுங்கி நின்றே பழகிய பூவாத்தா ஒன்றைக் கவனித்திருந்தாள். வேப்பங்கொழுந்தை மட்டும் எந்தப் பறவையும் தொடுவதில்லை. நேராக வேம்பிடம் போனாள்.

“வேம்பக்கா, உங்க கசப்புல கொஞ்சம் வேணும்.”

“நிழல் கேட்டு வருவாங்க, பழம் கேட்டு வருவாங்க. கசப்பு கேட்டு வந்தவ நீ ஒருத்திதான். எடுத்துக்கோ.”

அலகு மரத்துப்போகும்வரை கொழுந்தைக் கசக்கி, செடியில் புதிதாகத் திரண்டிருந்த ஒவ்வொரு காயிலும் சாற்றைத் தடவினாள். “பழுக்கும்வரை இதை வச்சிருக்கேன், அப்புறம் விட்டுடறேன்” என்று செடி அதை உள்ளே இழுத்துக்கொண்டது.

மறுநாள் மூத்த மைனா அவசரத்தில் நாலு காயை விழுங்கினான். ஐந்தாவதைத் துப்பினான். வயிறு புரட்டி, தலை சுற்றி, வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“செடியை என்னடி செஞ்சே?”

“கறுக்கிற வரைக்கும் பொறுங்கண்ணே.” அவள் கிளையைவிட்டு நகரவில்லை.

குஞ்சின் வாயில் பனித்துளி விட்டுக்கொண்டே இரண்டு நாள் காத்திருந்தாள். மூன்றாம் நாள் காலை ஒரு காய் கறுத்து மின்னியது. அதை நசுக்கிச் சாற்றைக் குஞ்சின் தொண்டையில் விட்டாள். பிறகு இன்னொன்று. அடுத்தடுத்த நாட்களில் புண் ஆறியது. ஒரு காலை, புழு கேட்டுக் குஞ்சு போட்ட கூச்சலில் வயல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

பூவாத்தா செடியின் உச்சிக்கு ஏறி, முதன்முறையாகக் குரலை உயர்த்தினாள்: “கறுத்தது எல்லாருக்கும் உண்டு, வாங்க. பச்சையில மட்டும் வாய் வைக்காதீங்க.”

மூத்த மைனா விலகி அவளுக்கு வழிவிட்டான். முற்றிய விதைகள் பறவைகளோடு ஊரூராகப் போய் முளைத்தன.

அன்று முதல்தான் மணத்தக்காளி காயில் கசந்து கனியில் இனிக்கிறது. காயை விரும்புகிற மனிதர்கள்கூடப் பெரும்பாலும் அதை உப்பு மோரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி, வற்றலாக வறுத்த பிறகே வாயில் போடுகிறார்கள்.