எண்ணெய்க்கடை வீராயிக்குப் பன்னீர்

முன்னொரு காலத்திலே ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று கேட்காதீர்கள், எல்லா ஊரிலும் அப்படி ஒருத்தர் இருந்திருப்பார். கடைவீதியிலே பன்னிரண்டு கடை வைத்த கட்டடம் ஒன்று கட்டி வாடகைக்கு விட்டார். உச்சியில் தனக்கென்று ஒரு மேல்மாடம். பௌர்ணமிதோறும் மாலையில் அங்கே உட்கார்ந்து வீதியை வேடிக்கை பார்க்க வேண்டும், அது அவர் ஆசை.

வாடகை போக, பராமரிப்புக் கூலி என்று மாதாமாதம் ஒன்று உண்டு. பெருக்குகிறவன், விளக்கேற்றுகிறவன், காவல்காரன் இவர்களுக்காகப் பன்னிரண்டு கடையும் பங்கு போட்டுக் கட்டுவது. நியாயந்தான். ஆனால் அதை வசூலித்த அதிகாரி அனந்தப்பர் மாசத்துக்கு மாசம் ஏற்றிக்கொண்டே போனார். என்னத்துக்கு என்று கேட்டால் ஓலையை நீட்டுவார். படிக்கத் தெரியாதவர்களிடம் ஓலையை நீட்டுகிறவனை எப்படி ஐயா நம்புவது?

அரண்மனை விகடகவி மாசிலாமணி சபையிலே இதை முறையிட்டான். அனந்தப்பருக்கு ஏற்கெனவே அவன்மேல் வயிற்றெரிச்சல். ராஜாவின் காதருகே குனிந்தார்.

"பிரபு, கடைக்காரர்களைத் தூண்டிவிடுவதே இவர்தான். இவரையே வசூலிக்கச் சொல்லுங்கள்."

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "மாசிலாமணி! பௌர்ணமி மாலை நான் மாடத்துக்கு வருவேன். அதற்குள் பன்னிரண்டு பேரும் கட்டியிருக்க வேண்டும். கட்டாத கடைக்குப் பூட்டு. கட்டியவர் முகத்தில் சிரிப்பும் இருக்க வேண்டும். இல்லையேல் இந்தச் சபையில் உமக்கு இடமில்லை."

சபையே சிரித்தது. மாசிலாமணி சிரிக்கவில்லை. "உத்தரவு மகாராஜா" என்று அனந்தப்பரிடமிருந்து அந்தச் செலவோலையை வாங்கிக்கொண்டு நேரே கடைவீதிக்கு நடந்தான். வேலையும் போகக்கூடாது, ஒரு கடையும் பூட்டக்கூடாது. அதிலே உறுதியாக இருந்தான்.

பதினோரு பேர் முனகிக்கொண்டே கட்டிவிட்டார்கள். மூலைக்கடை வீராயி மட்டும் எண்ணெய்க் கரண்டியை ஓங்கினாள்.

"இதைக் கட்டிட்டா நாளைக்கு எண்ணெய் வாங்க முதல் ஏது? பூட்டுறதுன்னா பூட்டிட்டுப் போங்க!"

"ஆத்தா, இந்த ஓலையிலே என்ன இருக்குன்னு கேளு. மாடத்து மெத்தை. விசிறிக்காரர் ரெண்டு பேர். பன்னீர்."

"பன்னீரா? என் வாசல்ல சாக்கடை தேங்கி நாறுது!"

"பங்கு கட்டினா அதெல்லாம் உனக்கும்தானே? கட்டு. காசு திரும்பி வரலேன்னா என் வீட்டை உன் பேருக்கு எழுதித் தர்றேன்."

அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பேச்சு மாறினே, கொதிக்கிற எண்ணெய்தான்" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்தாள்.

பௌர்ணமி மாலை ராஜா படியேறினார். பின்னால் அனந்தப்பர், மாசிலாமணியை விரட்டப்போகிற சந்தோஷத்தில். மாடத்துக்குள் நுழைந்ததும் இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

பட்டு மெத்தையில் வீராயி சம்மணம் போட்டிருந்தாள். இரண்டு பக்கமும் விசிறிக்காரர்கள் வீசினார்கள். தலையில் பன்னீர் சொட்டியது. மற்றப் பதினோரு பேரும் தங்கள் முறைக்காக வரிசையில் நின்று வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரம்மா நீ?" ராஜா கர்ஜித்தார்.

"கும்பிடுறேன் சாமி. என் பங்கு முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. முடிஞ்சதும் எந்திரிச்சிடுறேன்."

மாசிலாமணி முன்னே வந்து ஓலையை நீட்டினான். "மகாராஜா, பன்னிரண்டு பேரும் கட்டிவிட்டார்கள். சிரிப்பையும் தாங்களே பார்க்கிறீர்கள். இந்த மெத்தைக்கும் விசிறிக்கும் கூலி கொடுப்பவர்கள் இவர்கள். கொடுத்ததை அனுபவிக்கிறார்கள்."

ராஜா ஓலையைப் படித்தார். முகம் மாறியது. "இதற்கெல்லாம் கஜானாவிலிருந்து மாதாமாதம் கொடுக்கிறேனே! அனந்தப்பரே, அந்தப் பணம் எங்கே?"

அனந்தப்பர் மெல்லப் படிப்பக்கம் நகர்ந்தார்.

வீராயி மெல்ல எட்டிப் பார்த்தாள். "சாமி, இப்ப எந்திரிக்கட்டுமா, இருக்கட்டுமா?"

ராஜாவுக்கு அடக்க முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கூடுதலாக வாங்கியதைக் கடைக்காரர்களுக்கு அனந்தப்பர் அன்றைக்கே தன் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது. மாசிலாமணிக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டு, "வேறென்ன வேண்டும், கேளும்" என்றார்.

"இனி மாதாமாதம் செலவோலையைக் கட்டட வாசலில் நின்று உரக்கப் படிக்க வேண்டும், மகாராஜா. அனந்தப்பருக்கு நல்ல குரல்."

அப்படியே ஆயிற்று. அடுத்த மாதம் அனந்தப்பர் வெயிலில் நின்று தொண்டை வறளப் படித்து முடித்தார். வீராயி கரண்டியைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"காதுல சரியா விழலே சாமி. முதல்லேருந்து படிங்க."