பள்ளத்து வயலுக்கு எந்த டிராக்டர்

"டூ வீல் டிரைவ் டிராக்டர் வாங்கட்டுமா, ஃபோர் வீல் டிரைவ் வாங்கட்டுமா சாமி?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

முதலாவதில் பின் சக்கரம் இரண்டும்தான் இழுக்கும். மற்றதில் நான்கும் இழுக்கும்.

ஏரிக்கரை மடத்துச் சாமி அவளைவிட வயதில் இளையவர். எதையும் நேராகச் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. அவளுக்கோ சுற்றி வளைக்கிற பேச்சே ஆகாது. ஆனாலும் அவரைத்தான் குருவாக வைத்திருந்தாள். யாரைக் குறை சொல்ல!

"உழப்போற நிலம் எது?"

"பள்ளத்து வயல். தண்ணி வடியவே வடியாது. வாடகை வண்டிக்காரங்க வரப்போரமா ரெண்டு சுத்து சுத்திட்டு, உள்ள போனா புதைஞ்சிடும்னு திரும்பிடறாங்க. நடுவுல ஆள் உசரத்துக்குக் கோரை நிக்குது."

"நிக்கட்டுமே."

"எப்படி சாமி நிக்கட்டும்? கூட்டுப் பட்டா. இந்தப் போகமும் தரிசாக் கிடந்தா செங்கல் சூளைக்கு மண்ணெடுக்க விட்டுடணும்னு கொழுந்தனார் ஒத்தக்கால்ல நிக்கிறாரு. வெட்டி எடுத்துட்டா அப்புறம் அது வயலா?"

"ஊர்ல என்ன சொல்றாங்க?"

"பொம்பளைக்கு எதுக்கு ஃபோர் வீலு, டூ வீலே ஜாஸ்திங்கறாங்க."

"நானும் அதையேதான் சொல்லுவேன். டூ வீல் வாங்குங்க."

அவளுக்குச் சுருக்கென்றது.

"நீங்களுமா?"

சாமி எழுந்து ஏரிக்கரைக்கு நடந்தார். தண்ணீர் வற்றி ஏரி முழுக்கச் சேறாகக் கிடந்தது.

"இறங்குங்க" என்றார்.

அஞ்சலாட்சி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். கணுக்கால் வரை புதைந்தது.

"அங்கயே நில்லுங்க. டூ வீல் இங்கதான் மாட்டும். கரையில நின்னே இழுத்துப் போட்டுடலாம். ஃபோர் வீலு மாட்டாதுன்னு நினைக்கிறீங்க. அதுவும் மாட்டும். எங்க தெரியுமா?"

"எங்க?"

"நடுவுல. முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கிறதால இன்னும் உள்ள கொண்டுபோய் மாட்ட வைக்கும். கூப்பிட்டா ஆள் வர முடியாத இடத்துல."

நியாயமான பேச்சுதான். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கரையேறியிருப்பார்கள்.

அஞ்சலாட்சி கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

"எங்க போறீங்க?"

முழங்கால் புதைந்தது. ஒவ்வொரு காலையும் கையால் பிடித்துத் தூக்கித் தூக்கி வைத்தாள்.

"போதும், வந்துடுங்க. புரிஞ்சா சரி!"

"புரியலை சாமி."

தொடை புதைந்தது. பிறகு இடுப்பு. அதற்குமேல் கால் வரமாட்டேன் என்றது.

சாமிக்கு வியர்த்துவிட்டது. பாடம் இவ்வளவு தூரம் போகும் என்று அவர் நினைக்கவில்லை.

"மாட்டிக்கிட்டீங்களா?" என்று கத்தினார்.

"மாட்டிக்கிட்டேன்."

"இப்பச் சொல்லுங்க. ரெண்டா, நாலா?"

"நாலு."

"மாட்டினப்புறமுமா?"

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. திரும்ப முடியாததால் முகத்தை மட்டும் திருப்பினாள்.

"அந்த வயலு நடுவுல போய் மாட்டறதுக்குக்கூட இத்தனை வருஷமா ஒருத்தன் வரலையே சாமி! வரப்புல நின்னுக்கிட்டுப் புதைஞ்சிடும் புதைஞ்சிடும்னு சொன்னானுங்க. எவன் கால வச்சுப் பார்த்தான்?"

சாமி குனிந்து தன் கால்களைப் பார்த்தார். அவற்றில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

காவி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.