கொலுவுல நின்ன சீமைக் கொக்கு

ஒரு ஊர்ல ஒரு டீச்சர். ஊரு குன்னூரு, டீச்சர் பேரு எஸ்தரு. அவங்ககிட்ட ஒரு நரி இருந்துச்சு. பயப்படாதே, கடிக்காது, பீங்கான் நரி. விக்டோரியா ராணி காலத்துல சீமையில சுட்டது. நரி தட்டுல கஞ்சி ஊத்திக் கொக்கை ஏமாத்துச்சே, கொக்கு பதிலுக்குக் குறுவாய்ப் பானையில வச்சுதே, அந்தக் கதைப் பொம்மை. தட்டோட நரி இருக்கு, பானையோட கொக்கைக் காணோம். ம் சொல்லு.

அப்புறம், வக்கீல் போஜன்னு ஒருத்தர். அவரும் இதே மாதிரிப் பொம்மை சேர்க்கிறவர். "ஒத்தை நரியை வச்சு என்ன செய்யப் போறீங்க டீச்சர்? எனக்குக் குடுங்க"ன்னு வாராவாரம் நச்சரிப்பார். ஒருநாள் டீச்சருக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "விஜயதசமி விளக்கு வைக்கறதுக்குள்ள ஜோடி சேர்க்கிறேன். சேரலைன்னா எடுத்துட்டுப் போங்க"ன்னுட்டாங்க. வாய் சும்மா இருந்தாத்தானே. அந்த நரின்னா அவங்களுக்கு உசிரு.

அப்போ தேட ஆரம்பிச்சாங்க. சந்தையில ஒரு கொக்கு. கவுத்துப் பார்த்தா, அடியில விரல் நுழையற ஓட்டை. பழசுல பட்டாணி அளவுதான் இருக்கும். போலி. அப்புறம் ஊட்டி ஏலத்துல ஒரு கொக்கு. முதுகு பூரா பூ. பழசெல்லாம் சுவரோரமா நிக்கிற பொம்மை, முதுகு வெறும் தட்டையா இருக்கும். அதுவும் போலி. தூங்கிட்டியா? சரி, ம்.

விஜயதசமியும் வந்துடுச்சு. டீச்சர் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு, பக்கத்து வீட்டு வேதவல்லி மாமி கொலுவுக்குப் போனாங்க. சுண்டலைக் கொறிச்சுக்கிட்டே பார்த்தா, மூணாவது படியில ஒரு பச்சைக் கிளி. கிளிக்கு இம்மாம் நீளக் காலு. மூக்கு பானைக்குள்ள. தடவினாங்க, முதுகு தட்டை. லேசா சாய்ச்சாங்க, பட்டாணி ஓட்டை.

"மாமி, இது கிளியா?"

"கிளிதான். மாமியார் வெச்சது. வருஷா வருஷம் நான்தான் பச்சைப் பெயிண்ட் அடிப்பேன்."

"இது கொக்கு மாமி. எனக்குக் குடுங்களேன்."

"கொலு முடியாம பொம்மை படியை விட்டு இறங்கப்படாதுடி."

விளக்கு வைக்க அரை மணி நேரம்தான் இருக்கு. டீச்சர் குடுகுடுன்னு வீட்டுக்கு ஓடி, நரியைத் தூக்கிட்டு வந்து கொக்கு பக்கத்துல வச்சாங்க. டொக். இந்த வருஷத்துக்குப் புதுப் பொம்மை வந்துடுச்சுன்னு மாமிக்கு ஒரே குஷி.

அப்போ நரியை வாங்கிட்டுப் போக டீச்சரைத் தேடிக்கிட்டு வக்கீல் தடதடன்னு வந்தார். படியில ஜோடியைப் பார்த்தார். "கொக்கு உங்க வீட்ல இல்லையே டீச்சர்."

"ஜோடி சேரணும்னுதானே பேச்சு? எந்த வீட்லன்னு நீங்க கேக்கலையே வக்கீல் சார்."

வக்கீல் சுண்டலை வாங்கிக்கிட்டு நடையைக் கட்டினார். எஸ்தர் டீச்சர் ஜெயிச்சுட்டாங்க கண்ணு, நரி பொழைச்சுது.

கொலு முடிஞ்சா ஒரு பொம்மையைப் படுக்க வைக்கணுமில்ல? மாமி அந்தக் கொக்கைப் படுக்க வச்சாங்க. "விடிஞ்சதும் ரெண்டையும் அழைச்சுண்டு போ. எனக்கு நிஜமான கிளிப் பொம்மை ஒண்ணு வாங்கிக் குடுத்துடு"ன்னாங்க.

கொக்கு படுத்தாச்சு, கதையும் படுத்தாச்சு, நீயும் படு.