நூல் தளரக்கூடாது

நீலகிரியில் ஒரு தேயிலை எஸ்டேட். அதன் முதலாளி திருவேங்கடத்துக்கு, ஓடையில் டிரவுட் மீன் பிடிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பு. அவருடைய மீன்கூடையைச் சுமக்கிற வேலாண்டி, மனைவி செங்கமலத்தைப் பறிகொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அன்றைக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். முதலாளிக்குக் குஷி. "என் வித்தை இவனுக்குக்கூட வரும், பாருங்க. டேய், மத்தியானத்துக்குள்ள நீ ஒரு மீன் பிடிக்கணும். இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணு" என்றார்.

தூண்டிலையே தொட்டறியாத வேலாண்டி கைகட்டி நின்றான். "சொல்லிக் கொடுங்க ஐயா."

"இதுக்கு மிதவை கிடையாது. கொக்கியில கட்டின பொய்ப்பூச்சி தண்ணிக்கு அடியில போகும். நூலைத் தளரவிடாமப் பிடிச்சுக்கோ. லேசா ஒரு இழுப்பு தெரிஞ்சாலும் உடனே தூக்கிடணும்."

"கல்லுல மாட்டியிருக்கும்னு கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா ஐயா?"

"பொறுத்தா போச்சு! இழுப்பை அலட்சியம் பண்றவனுக்கு இது லாயக்கில்லை."

வேலாண்டி தலையாட்டினான். "செங்கமலத்துக்குப் பிரசவ வலி கண்ட அன்னிக்கு, ஆஸ்பத்திரிக்குப் போக உங்க ஜீப்பைக் கேட்டு இதே கரையில உங்க சட்டைக் கையைப் பிடிச்சு இழுத்தேனே ஐயா. மீன் பிடிச்சு முடிக்கிறேன், இருடான்னீங்க. அந்த இழுப்பு உங்களுக்குத் தெரியலையா?"

விருந்தாளி ஒருவர் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டார். வீட்டைப் பற்றி அப்புறம் முதலாளி மூச்சே விடவில்லை.

மறுநாளிலிருந்து ஜீப் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து வாசலிலேயே நின்றது. பிள்ளைத்தாய்ச்சிகள் எத்தனையோ பேர் அதில் போய்க் குழந்தையோடு திரும்பினார்கள். ஒவ்வொரு முறையும் வேலாண்டி வெளியே வருவான். எல்லாரும் இறங்கிப் போன பிறகும், அந்த வெறும் வண்டியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பான்.