வெள்ளைப் பாறையின் உச்சி

காட்டுக்குள் ஒரு குளம். குளக்கரையில் அடுக்கடுக்காக ஒரு பெரிய பாறை. அதில் ஒரு நாய்க்கூட்டம் வாழ்ந்தது. எல்லாம் வெள்ளை நாய்கள். பக்கத்து ஓடைக்கு அப்பால் இன்னொரு கூட்டம் இருந்தது. அங்கே கறுப்பு, செவலை, சாம்பல், புள்ளி என்று எல்லா நிறமும் உண்டு. வெள்ளை நாய்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

வெள்ளைக் கூட்டத்தில் ஒரு வழக்கம். குட்டிகளுக்கு நாற்பது நாள் ஆனதும் நிறம் பார்ப்பார்கள். குட்டியைக் குளத்தில் முக்கி எடுத்து, வெயிலில் கிடத்துவார்கள். நரைவால் என்ற கிழநாய் வந்து மூக்கு, வால், விரல் இடுக்கு எல்லாவற்றையும் முகர்ந்து பார்க்கும். யார் வீட்டுக் குட்டி அதிக வெள்ளையோ, அந்தக் குடும்பத்துக்குப் பாறையின் உச்சி. உச்சியில்தான் புங்கமர நிழல் விழும். வேட்டையில் முதல் வாயும் அவர்களுக்குத்தான்.

மூன்று வருடமாக உச்சியில் இருந்தவள் அல்லி. அவளுக்கு நேர் கீழே, வெயில் காயும் அடுக்கில் இருந்தவள் அவளுடைய தங்கை தும்பை.

தும்பைக்கு அக்காளை அண்ணாந்து பார்த்துப் பார்த்தே கழுத்து வலித்தது.

"அவளும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அவளுக்கு நிழல், எனக்கு வெயிலா?" என்று புழுங்கினாள்.

காரணம் அவளுக்கே தெரியும். அவளுடைய ஒரே மகள் பூளையின் இடது காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு செம்மறு இருந்தது. நிறம் பார்த்த அன்றைக்கு நரைவால் அதைக் கண்டுபிடித்துவிட்டது. அல்லியின் நான்கு குட்டிகளிலோ ஒரு மாற்று மயிர் கிடையாது.

அதிலிருந்து அக்காள் வீட்டில் எதைப் பார்த்தாலும் தும்பைக்கு வயிறு எரிந்தது. அல்லி தன் பிள்ளைகளைக் குரல் கொடுத்துக் கூப்பிடுவதே இல்லை. பக்கத்தில் போய் மூக்கால் தொடுவாள். அவை எழுந்து பின்னால் போகும்.

"என்ன பணிவு பார்! நானோ தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கிறது" என்று தும்பை பொருமுவாள்.

உண்மையில் பூளை ஒரே அழைப்பில் ஓடிவருகிறவள்தான். பொறாமைக்கு அதெல்லாம் கணக்கில் இல்லை.

ஒருநாள் பெரிய இடி இடித்தது. ஒன்றைப் பார்த்து ஒன்றாகக் கூட்டம் முழுவதும் பதறி எழுந்தது. அல்லியின் மூத்த மகன் சங்கன் மட்டும் படுத்த இடத்தில் படுத்திருந்தான். கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"அடேயப்பா, என்ன தைரியம்!" என்று தும்பை மலைத்துப் போனாள். "மாப்பிள்ளை என்றால் இவன்தான் மாப்பிள்ளை!"

அன்றே மகளிடம் பேச்சை எடுத்தாள்.

"சங்கனோடு சோடி சேர்ந்துவிடு. உன் குட்டிகள் பால் மாதிரி பிறக்கும்."

பூளைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மா! அவன் பெரியம்மா மகன். எனக்கு அண்ணன் முறை!"

"முறையெல்லாம் மனுஷனுக்கு. நமக்கு நிறம்தான் முறை. நானும் உன் பெரியம்மாவும் அக்காள் தங்கை. எங்களைக் கட்டியவர்கள் அண்ணன் தம்பி. எங்கள் தாயும் அவர்கள் தாயும் ஒரே ஈற்றில் பிறந்தவர்கள். என்ன குறைந்து போனோம்?"

"ஓடைக்கு அந்தப் பக்கம் கரட்டான் என்று ஒருவன் இருக்கிறான், அம்மா. இங்கே முயல் அசைந்தால் அங்கே அவனுக்குக் காது நிமிரும்..."

"அந்தக் கறுப்பனா? அவன் குட்டியைத் தூக்கிக்கொண்டு நான் நரைவால் முன்னால் நிற்பதா? அல்லி மேலே இருந்து சிரிப்பாள்! உன்னைப் பெற்றதற்கு எனக்கு அந்த ஒரு நிழலாவது வாங்கிக் கொடு!"

பூளை ஓடைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

தும்பை படியேறிப் போய் அல்லியிடம் சம்பந்தம் கேட்டாள். அல்லி குளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"யோசித்துத்தான் கேட்கிறாயா?"

"ஏன் அக்கா? என் மகளுடைய மறு உன் பரம்பரைக்கு ஆகாதோ?"

"அப்படி ஒன்றும் இல்லை. உன் இஷ்டம்" என்றாள் அல்லி.

பூளைக்கு நான்கு குட்டிகள் பிறந்தன. ஒன்று பிறக்கும்போதே இறந்திருந்தது. மீதி மூன்றும் வெள்ளை என்றால் அப்படியொரு வெள்ளை. மூக்குகூட இளஞ்சிவப்பு!

நாற்பதாம் நாள் நிறம் பார்த்தார்கள். நரைவால் மூன்று குட்டிகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. "இந்த மாதிரி வெள்ளையை நான் கண்டதில்லை!" என்றது. எதை எதையோ சோதித்தார்கள். கூப்பிட்டால் திரும்புகிறதா என்று மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. அந்த வழக்கம் அங்கே இல்லை.

தும்பை உச்சிக்கு ஏறினாள். அல்லி இறங்கினாள். பாதி வழியில் இருவரும் எதிரெதிரே வந்தார்கள்.

"பார்த்து இறங்கு அக்கா. கீழே வெயில் கொஞ்சம் சுடும். எனக்குப் பழகிவிட்டது!"

"தும்பை, உன் பேரக்குட்டிகள் கூப்பிட்டால் எழுகிறார்களா?"

"பொறாமையில் உளறாதே!" என்றாள் தும்பை.

பூளையும் இரண்டு முறை சொன்னாள். "அம்மா, இதுகள் என் குரலுக்குத் திரும்புவதே இல்லை."

"நல்ல வம்சம் அப்படித்தான் அமைதியாக இருக்கும். போடி!"

நிழலில் படுத்த சுகத்தில் பதினைந்து நாள் போயிற்று.

ஒரு காலை, குட்டிகள் மூன்றும் குளத்து ஓரம் தட்டாம்பூச்சி பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன. திடீரென்று மரத்தின் மேலிருந்து மந்தி ஒன்று அலறியது.

"சிறுத்தை! சிறுத்தை! நாணலுக்குள் சிறுத்தை!"

கேட்ட நாய்கள் பாறை மேல் தாவின. கேட்காத நாய்கள், மற்றவை ஓடுவதைப் பார்த்து ஓடின. சங்கன் கண்மூடிப் படுத்திருந்தான். தன் குட்டிகளுக்கு ஆபத்து என்பதே அவனுக்குத் தெரியாது.

"ஓடிவாருங்கள்! ஓடிவாருங்கள்!" என்று பூளை கத்திக்கொண்டே கீழே பாய்ந்தாள். தும்பை உச்சியிலிருந்து குரைத்தாள். தன் உயிரெல்லாம் தொண்டைக்கு வரும்படி குரைத்தாள்.

குட்டிகள் திரும்பவில்லை. தட்டாம்பூச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

ஓடைக்கு அப்பால் கரட்டானுக்கு அந்தக் குரைப்பு கேட்டது. தன் கூட்டத்தோடு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தான். பூளை ஒரு பக்கம், கரட்டான் மறுபக்கம் பாய, சிறுத்தை பின்வாங்கியது. ஆனால் வெறும் வாயோடு போகவில்லை. குட்டிகளில் ஒன்று போய்விட்டது.

மிஞ்சிய இரண்டும் என்ன நடந்தது என்று புரியாமல் தாயின் வாலைக் கடித்து விளையாடின.

தும்பை தட்டுத்தடுமாறி இறங்கி வந்தாள். அல்லி எதிரில் நின்றாள்.

"அக்கா, இதுகளுக்குக் காது..."

"கேட்காது. என் நான்கு பேருக்கும் கேட்காது. வெள்ளை ஏற ஏறக் காது மங்குகிறது. அதனால்தான் மூக்கால் தொட்டு எழுப்பினேன்."

"தெரிந்துமா சம்பந்தத்துக்கு ஒத்துக்கொண்டாய்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா!"

"சொன்னால் உச்சி போய்விடும்." அல்லி தலையைக் குனிந்தாள். "அது மட்டும் இல்லை. நீ ஒரு குரல் கொடுத்தால் பூளை குதித்து ஓடிவருவாள். மூன்று வருடம் அதைப் பார்த்து நான் வெந்திருக்கிறேன். தும்பையும் கூப்பிட்டுப் பார்க்கட்டும், ஒருவரும் வராமல் இருக்கட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த ஒரு நிமிடத்தில்தான் சரி என்றேன்."

தும்பை உச்சியைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று வருடமாக அவள் அண்ணாந்து ஏங்கியது எதற்கு என்று இப்போது தெரிந்தது.

பூளை ஒரு குட்டியை வாயில் கவ்வினாள். இன்னொன்றைக் கரட்டான் கவ்வினான். "எங்கள் பக்கம் ஆள் அதிகம். இதுகள் பக்கத்தில் எப்போதும் எங்களில் ஒருவர் காதாக இருப்பார்" என்று கவ்வுவதற்கு முன்பே பூளையிடம் சொல்லியிருந்தான். இருவரும் ஓடையை நோக்கி நடந்தார்கள்.

"பூளை!" என்று தும்பை அழைத்தாள். "பூளை! உச்சி நமக்குத்தான்! வாடி!"

பூளையின் காது நிமிர்ந்தது. அவளுக்கு நன்றாகவே கேட்டது. ஆனாலும் அவள் திரும்பவில்லை.

அடுத்தவரின் பெருமையைக் கண்டு வெந்து, அந்தப் பெருமையைப் பிறக்கப்போகும் பிள்ளையின் உடம்பில் தேடுகிறவர்கள், அதனால் வரும் குறையையும் அந்தப் பிள்ளையின் தலையில்தான் கட்டுகிறார்கள்.